அக்கா பேரைச் சொல்லிக்கோ

கலையரசிக்கு வாய் கொஞ்சம் நீளம். விழுப்புரம் காலேஜில் மூணாம் வருஷம் படிக்கிறவர்களிடம், புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளை ஆளுக்கு ஒருத்தராகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்தார்கள். இவளுக்கு வந்தது சங்கவி. முதல் நாளே என்ன சொன்னாள் தெரியுமா? "எதுன்னாலும் எங்கிட்ட சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வீட்ல கேட்டா அக்கா பேரைச் சொல்லிக்கோ." இப்படியா ஒருத்தி அளந்துவிடுவாள்!

சங்கவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பன்னெண்டாவது வரைக்கும் தமிழில் படித்தவளுக்குக் காலேஜில் கெமிஸ்ட்ரி முழுக்க இங்கிலீஷ். ஒருநாள் பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து நின்றாள், வகுப்பே சிரித்துவிட்டது. அதிலிருந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுவரை வருவாள், சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவாள். திண்டிவனத்துக்காரியான கலையரசி கண்ணில் பட்டபோது, "ஒரு வாரம்தான்க்கா, சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்து அழுதாள். துறை மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இவள் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டாளாம்! ஒரு வாரம் ஒரு மாசமாயிற்று.

இன்றைக்குப் பார்த்து, காலேஜ் வாசலில் சங்கவியின் அம்மா ஜெயம் நிற்கிறாள். முதல் நாள் மகளைக் கொண்டுவந்து விட்டபோதே கலையரசியைப் பார்த்துப் பேசியவள்தான். பெரியாஸ்பத்திரிக்கு வந்தவள், மகளோடு சேர்ந்து ஊருக்குப் போகலாமென்று காத்திருந்தாளாம்.

"ஏம்மா, சங்கவி எங்க?"

"அவ... முந்தின பஸ்லயே போயிட்டாம்மா."

போச்சு! "அப்ப நாம போலாம் வா, ஜல்தி" என்று ஜெயம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கலையரசி, இந்தப் பக்கம் ஜெயம், அவள் மடியில் பை. எழுந்து போக வழியில்லை. தகவல் சொல்லலாமென்றால் சங்கவியிடம் போனும் கிடையாது. பஸ் போய் நிற்கப்போவதோ அவள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்.

அவித்த மல்லாட்டைக் கடலையை ஒரு கை அள்ளிக் கொடுத்தாள் ஜெயம். "அவங்கப்பா மாப்ள பாத்துக்கினு இருக்காரும்மா. கலை அக்கா கூடவே இருக்குது, புள்ள படிச்சிக்கும்னு சொல்லித்தான் நான் மறிச்சிக்கினு நிக்கறேன். ஒழுங்கா வர்றாளா?"

கலையரசி மல்லாட்டையை உரித்து உரித்து மடியில் போட்டாள். உண்மையைச் சொன்னால் சங்கவிக்குக் கல்யாணம். சொல்லாவிட்டால் அட்டெண்டன்ஸ் போய், பரீட்சை போய், அப்புறமும் கல்யாணம்தான். விக்கிரவாண்டி தாண்டட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கூட்டேரிப்பட்டே தாண்டிவிட்டது.

"வர்றாம்மா" என்றாள். அடிப்பாவி, இன்னொரு பொய்!

திண்டிவனத்தில் ஜெயம் முன்வாசல் வழியாக இறங்கினாள். கூட்டத்தில் மாட்டிக்கொண்ட கலையரசி பின்வாசல் வழியாக இறங்குவதற்குள், பெஞ்சிலிருந்து சங்கவி அம்மாவைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்தது. பின்வாசல் படியில் அக்கா தெரிந்ததும்தான் அவளுக்கு உயிர் வந்தது.

"இப்பதாம்மா எறங்கனேன், இந்த பஸ்லதான். அக்காவும் நானும் ஒண்ணாத்தான் வந்தோம், அக்காவையே கேளு."

ஜெயம் மகளைப் பார்த்தாள். அப்புறம் கலையரசியைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா."

"ஒரு மாசமா அவ காலேஜுக்கே வரலம்மா. எனக்குத் தெரியும்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னீங்களேக்கா!" என்று சங்கவி வீறிட்டாள்.

ஜெயம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தவள், நின்று திரும்பினாள்.

"உன் பேரைச் சொல்லித்தானேம்மா அந்த மனுசன்கிட்ட இத்தினி நாளா சண்ட போட்டுக்கினு இருந்தேன். இன்னிக்கு வீட்டுக்குப் போய் யார் பேரைச் சொல்லுவேன்?"