காய் வடித்த தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. சாரல் வெறிக்கிற வரைக்கும் ஒரு கதை சொல்லுகிறேன். ஒற்றை ஆளுக்கு உலை வைத்தவர் கதை.

குற்றாலத்தில் செல்லச்சாமி என்று ஒருவர், போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சங்கரேஸ்வரி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மகன் ராணுவத்தில், எங்கோ எல்லையில். சீசனுக்கு வந்த கூட்டமெல்லாம் அருவிக்கரையில் இரைந்துகொண்டிருக்க, அவர் வீட்டில் குக்கர் விசில் ஒன்றுதான் சத்தம்.

சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுது. டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் வாரம் மூன்று நாள் தென்காசிக்குப் போகவேண்டும். கூட வர யார் இருக்கிறார்கள்? அந்தப் பயத்தில் காய், கனி எல்லாவற்றையும் ஒதுக்கினார். வெறும் சோறும் ரஸ்க்கும்தான். வயிறு கல்லாகிப்போய், நாலைந்து நாளானாலும் இளகவில்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லுகிற சஃப்ரின் கேட்டாள்: "என்ன அண்ணாச்சி, காயைக் கண்டா களவாணியைக் கண்ட மாதிரி விரட்டுதீய?"

"காயில இருக்க பொட்டாசியம் ரத்தத்துல ஏறும்னு சொன்னாவளே, தாயி."

"கிட்னி தள்ளாத கழிவுல கொஞ்சத்தைக் குடலுதான் தள்ளுது. அங்கனயும் அடைச்சா ரத்தத்துக்குத்தான் திரும்பும். குடல்ல இருக்க நல்ல கிருமிக்கு நாரு வேணும். கோஸைப் பொடிசா நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவச்சு, வடிச்சுட்டு அளவாச் சாப்பிடுங்க."

அப்படியே செய்தார். வயிறு இளகியது. ஆனால் மறுமாத ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் கூடியிருந்தது.

"வடிச்ச தண்ணிய என்ன செய்தீய?"

"ரசம் வச்சேன். சத்தெல்லாம் அதுலதான்னு எங்க வீட்ல அவ ஒரு சொட்டு கொட்டவிட மாட்டா."

சிரிக்க வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "மதினி சொன்னது சரிதான். உங்களுக்கு ஆகாத சத்தும் அதுலதான் இருக்கு. கொட்டிருங்க அண்ணாச்சி. இல்லேன்னா மிஷின்ல படுக்க வேண்டியதுதான்."

மறுநாள் மத்தியானம் கோஸை வடித்துவிட்டு, வடித்த தண்ணீர்ச் சட்டியும் கையுமாக நெடுநேரம் நின்றார். சங்கரேஸ்வரி வைத்த மாதிரியே ரசம் வைத்துத்தான் இந்த ஒரு மாதமும் அவளை வீட்டில் வைத்திருந்தார்.

"ஏட்டி, கோவிச்சுக்கிடாதே," என்றார்.

கொட்டினார். ஆவி முகத்தில் அடித்துவிட்டு அடங்கியது. பிறகு தட்டில் சோற்றைப் போட்டு, கோஸைப் பிசைந்து, மெதுவாகத் தின்றார்.

உங்கள் வீட்டில் தனித்தட்டு விழாதிருக்கட்டும், மக்களே. உண்டது உடம்பில் ஒட்டட்டும். உட்கார்ந்து பரிமாற ஒரு கை எப்போதும் இருக்கட்டும்.