வாசல்வரை

தெருக்கூட்டத்தில் தம்பி சீருடையோடு எழுந்து நின்றபோது அக்காவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவன். அவர்களுடையது முட்டுச்சந்து, அதற்கு இருக்கும் ஒரே வழியை ஒட்டிய தெருமுனைக் காலிமனையில், மின்சாரத்தைச் சேமிக்க லாரிப்பெட்டி அளவுப் பேட்டரிகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். தெருக்காரர்கள் சத்தம் போட்டதால் காலையில் இந்தக் கூட்டம். "பாதுகாப்பு ஏற்பாடுகள் திருப்திகரமாக உள்ளன" என்றான் தம்பி. மேலிடம் சொல்லி அனுப்பிய வாசகம். அக்காவைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

வீட்டில் டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "அது பத்திக்கிச்சுன்னா எப்படிடா அணைப்பீங்க?"

அவன் டீயை ஊதினான். "அணைக்கிறது கஷ்டம்க்கா. பரவாம பாத்துக்கிட்டு, எரிஞ்சு முடியட்டும்னு நிப்போம். ஜனங்கள வெளியேத்துவோம். முடியலன்னா கதவு ஜன்னலச் சாத்திக்கிட்டு உள்ளயே இருங்கன்னு மைக்ல சொல்லுவோம். புகைதான் ஆகாது." பிறகு அவசரமாக, "லேசுல பத்திக்காது. நான் ஒண்ணும் பொய் சொல்லல" என்றான்.

"அப்ப இதையும் சேத்துச் சொல்லியிருக்கலாமே."

அவன் வாயைத் திறந்தால் வேலை போகும் என்பது அவளுக்கும் தெரியும். வீட்டை விற்றுவிடலாம் என்றால், பார்க்க வந்தவர்கள் தெருமுனை வேலியைக் கண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்கள். அப்படியே விற்றாலும், சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசையாத மனுஷனோடு எங்கே போவது?

"பத்திக்கிற அன்னிக்கு நீ எங்கடா இருப்ப?"

"வண்டியில. சந்துக்கு வெளிய."

உள்ளறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. மச்சான், என்னைய வாசல்வரைக்கும் ஒரு தடவ தூக்கித்தான் பாத்துடுவோமே."

அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்றே இருவரும் நினைத்தார்கள். ஆனால் அவர் அதற்குள் போர்வையைத் தள்ளியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நழுவாமலிருக்க நெஞ்சோடு பழைய புடவையைச் சுற்றிக் கட்டினாள். தம்பி முன்கால்களைப் பிடித்தான், அவள் முதுகுப்பக்கம். தையல் மிஷினை ஒதுக்கி, பீரோவில் முழங்கை இடித்து, கூடத்தைத் தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. இதை ஒற்றை ஆளாக, புகையில். வாசலில் திருப்பியபோது நாற்காலியின் கைகள் கதவுநிலையில் இறுகிக்கொண்டன. தள்ளினாலும் இழுத்தாலும் அசையவில்லை.

"பொறுங்க மாமா, உடைச்சிடுறேன்" என்றான் வெளியே நின்ற தம்பி.

"வேணாம். கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

விபத்துக்குப் பிறகு அவர் தெருவைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கிரேன் ஒரு பெட்டியை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தது. பெயிண்டராக இருந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நல்ல வெள்ளை. அடிச்சவன் கைகாரன்."

நாற்காலி வழியை முழுக்க அடைத்திருந்தது. அதன் முதுகைப் பிடித்தபடி அவள் உள்ளேயே நின்றாள். அவர் தோளுக்கு மேல் துண்டு வானம் தெரிந்தது. அதிலும் அந்தப் பெட்டி, லேசாக ஆடியபடி, கீழே வந்துகொண்டிருந்தது.