தாமிரபரணிக்குப் புள்ளி ஏழு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலைக்காரர் தன் நண்பர் ஒருவருக்கு நடந்ததாகச் சொன்னார். (நண்பருக்கு என்று ஒருவர் சொன்னால் அது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியாதா?) ரசம் வருவதற்குள் பாதிக் கதை வந்துவிட்டது. பாயசம் வந்ததும் மனிதர் பேச்சை விட்டுவிட்டார். மீதி என் தலையில்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மன்னார் வளைகுடாவின் அடியில், கோடானுகோடி ஆண்டுகளாகப் படிந்த வண்டலின் இருளில்...’

வேண்டாம். அங்கே நானும் போனதில்லை, கோமதிசங்கரும் போனதில்லை. அவர் உத்தியோகமே அதுதான்: போகாத ஆழத்தில், பார்க்காத எண்ணெய் எவ்வளவு இருக்கும் என்று சொல்வது.

மறுபடி. 1995, மே மாதம். டேராடூனில் வேலை பார்க்கும் நிலவியலாளர் கோமதிசங்கர் ஒரு மாத லீவில் திருநெல்வேலி டவுனுக்கு வந்திருக்கிறார். காலையில் தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படித்துறையில் குளியல், மதியம் சொதியும் இஞ்சிப் பச்சடியும், பிறகு சுகமான உறக்கம். மனைவி பிரம்மநாயகி உள்ளூரிலேயே கணக்கு டீச்சர். அவளுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இருவரும் சேர்ந்து இருந்ததெல்லாம் இப்படி லீவு நாட்களில்தான்.

3

கையோடு ஒரு கணக்கும் வந்திருந்தது. கடலடியில் எண்ணெய் இருக்க வேண்டுமானால் நாலு கூடிவர வேண்டும்: எண்ணெய் ஊறும் பாறை, அதைப் பிடித்துவைக்கும் மணல், தேங்கி நிற்க ஒரு மடிப்பு, மேலே கசியாத மூடி. ஒவ்வொன்றின் வாய்ப்புக்கும் ஒன்றுக்குக் கீழே ஓர் எண் போட்டு, நாலையும் பெருக்க வேண்டும். விடை 0.1ஐத் தாண்டினால் துளையிடுவார்கள். தூத்துக்குடியில் அலுவலகம் வரும், கோமதிசங்கருக்கு மாற்றல் வரும், தினமும் ராச்சாப்பாடு வீட்டில். தாண்டாவிட்டால் டேராடூன்தான்.

மற்ற மூன்றையும் பெருக்கினால் 0.15. மணலுக்கு அவர் போட்டது 0.7. ஆக 0.105.

(கள்ளக்கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படி நினைத்து ஒரு பத்தி எழுதி அடித்தேன். ஆள் அப்படியில்லை. தாமிரபரணி ஆழ்கடல் வரை மணலைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும் என்று மனசார நம்பினார்.)

4

தாளைப் பார்த்த பிரம்மநாயகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூத்துக்குடிக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூடச் சொன்னாள். டீச்சர் அல்லவா, பெருக்கலையும் ஒருமுறை சரிபார்த்தாள். பிறகு கேட்டாள்:

“அத்தான், இந்தப் புள்ளி ஏழு எப்படி வந்துச்சு?”

“நம்ம ஆத்து மணலுல்லா. கொற்கையப் பாரு. துறைமுகமா இருந்த ஊரு, இப்ப கடலு நாலு மைலு தள்ளிக் கிடக்கு. அவ்வளவு மண்ணக் கொட்டியிருக்கு.”

“அது கரையில. ஆழத்துக்குப் போனத யாரு பாத்தா?”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் விடவில்லை.

“இதே மாதிரி ஒரு ஆறு வேற எங்கனயோ ஓடுதுன்னு வச்சுக்கிடுங்க. பேருகூடத் தெரியாத ஆறு. அதுக்கு எவ்வளவு போடுவிய?”

கோமதிசங்கர் பென்சிலைக் கீழே வைத்தார். “மூணு,” என்றார். “புள்ளி மூணு.”

0.045.

ஏன்தான் கேட்டோமோ என்று அவளுக்கு ஆகிவிட்டது. அவர் ஊரோடு வந்துவிட வேண்டும் என்ற ஆசை அவரைவிட அவளுக்குத்தான் அதிகம்.

“கேக்காம இருக்க முடியல, கேட்டுட்டேன். எழுதப்போறது நீங்கதான்,” என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள்.

5

இவர்கள் தொழிலில் ஒரே விடை கொடுப்பதில்லை. குறைவு, நடு, கூடுதல் என்று மூன்று கொடுப்பார்கள். நானும் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

குறைவு: 0.3 என்று திருத்துகிறார். ஜங்ஷனில் ரயிலேற்றிவிட வந்த பிரம்மநாயகி, இட்லிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்து...

நடு: 0.5. பெருக்கினால் 0.075. ஊருக்கும் வர முடியாது, உண்மையும் இல்லை. கிழித்துப் போட்டேன்.

கூடுதல்: 0.7 அப்படியே நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து தினமும் வீட்டுக்கு வருகிறார். மணலைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

6

எனக்குக் கடைசியதுதான் பிடித்திருக்கிறது. அவர் வரட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் நானும் அந்த ஆற்றில் குளித்தவன். என் கை தானாக ஏழுக்குத்தான் போகும். இதை நான் எழுதுவது முறையில்லை.

நீங்கள் எந்த ஊர்? வெளியூர் என்றால் பென்சிலை எடுங்கள். மணலுக்கு எதிரே புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன்.

0.

சீக்கிரம் எழுதிவிடுங்கள். உள்ளே பிரம்மநாயகி காப்பி ஆற்றுகிறாள். அவள் வெளியே வந்து, அந்த முகத்தை நீங்கள் பார்த்துவிட்டால், பிறகு உங்களாலும் முடியாது.