நின்று நின்று ஓடும் ஊற்று

யிட்காவின் இடது முழங்கால் காலையில் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. முந்தின நாள் ஏறிய மலைப்பாதையின் வேலை அது. அவளும் தம்பி ராதிமும் செக் நாட்டின் தெற்கே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த தங்கள் ஊரிலிருந்து கிரேக்கக் கடற்கரை வரை சைக்கிளில் போகக் கிளம்பியவர்கள். பாதி வழியில், கிழக்கு செர்பியாவில் ஒரு மலையடிவாரத்து வீட்டில் தங்கியிருந்தார்கள்.

"இன்னைக்கு முழுக்கக் காலை ஊனக் கூடாது. சாயங்காலமும் முட்டி மடங்கலைன்னா நாளைக்கு பஸ் ஏறி ஊருக்குப் போறோம். அவ்வளவுதான்" என்றான் ராதிம்.

"படுத்துக் கிடக்கவாடா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"போன ஓய்வு நாள்ல என்னக்கா பண்ணின? கோட்டை மேல ஏறின. அதுக்கு முந்தின ஓய்வு நாள்ல? குகைக்குள்ள தவழ்ந்த. அதையெல்லாம் சேர்த்து வச்சுத்தான் முட்டி இப்ப உன்னைத் திட்டுது."

கடலைப் பார்க்காமல் திரும்ப யிட்காவுக்கு மனமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். கூரையின் உத்திரங்களை எண்ணி முடித்தபோது வீட்டுக்கார அம்மாள் டெசாங்கா காபியோடு வந்தாள். அவள் பேச்சு செக் காதுகளுக்குப் பாதி புரியும். மீதியைக் கைகள் சொல்லின.

"மேல பாறையில ஒரு ஊத்து இருக்கு கண்ணு. வரும், நின்னுடும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வரும்."

யிட்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏன் நிக்குது?"

"அதுக்கும் ஓய்வு வேண்டாமா?" என்று சிரித்தாள் டெசாங்கா.

ராதிம் தலையில் கை வைத்துக்கொண்டான். இனி அக்காவைக் கட்டிப்போட்டாலும் கட்டிலோடு கிளம்பிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். பேரம் நடந்தது. கால் தரையில் படாமல் போகலாம் என்று முடிவாயிற்று. டெசாங்கா தோட்டத்திலிருந்து ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை உருட்டி வந்தாள். ஓரத்தில் சாணி காய்ந்திருந்தது. யிட்கா தலையணையைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"இதுல உருளைக்கிழங்கு நிறைய ஏத்தியிருக்கேன் தம்பி. எந்த மூட்டையும் இவ்வளவு பேசினதில்லை" என்று வாசலிலிருந்தே கத்தினாள் டெசாங்கா.

மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தால், ஊற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாறையில் ஒரு பிளவு, அதன் கீழே தண்ணீர் தேங்கிய ஒரு சின்னக் குட்டை. யிட்கா காலை முழங்கால் மூழ்கக் குட்டையில் இறக்கினாள். குளிர் எலும்பைத் தொட்டது.

"நல்லா ஏமாந்தோம்" என்று ராதிம் புல்லில் சாய்ந்தான்.

"பாறையைப் பாரு. பாசி இன்னும் ஈரமா இருக்கு. இப்பத்தான் நின்னிருக்கு."

காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துப் பாறைக்குள் ஏதோ நகர்வது போல ஒரு சத்தம். பிளவு கசிந்தது, வழிந்தது, பிறகு வாளியைக் கவிழ்த்த மாதிரி தண்ணீர் கொட்டியது.

"டெசாங்கா அம்மாவோட வீட்டுக்காரர் யாரோ மலை உச்சியில ஒளிஞ்சு உட்கார்ந்து வால்வைத் திறக்கிறாருக்கா!"

"மண்டு. அப்பா பீப்பாயிலேர்ந்து வைனை எப்படி இறக்குவாரு?"

"ரப்பர் குழாயை உள்ள விட்டு, வாய் வச்சு உறிஞ்சி, கீழ விடுவாரு."

"அப்புறம் உறிஞ்சவே வேண்டாம், தானா ஓடும் இல்லையா? இந்தப் பாறைக்குள்ள ஒரு பள்ளம் இருக்குன்னு வச்சுக்கோ. அதுல எந்நேரமும் தண்ணி கசிஞ்சு சேருது. வெளிய வர்ற வழி வாத்துக் கழுத்து மாதிரி, அடியில தொடங்கி, மேல ஏறி, வளைஞ்சு இறங்குது. வளைவோட உச்சிக்குத் தண்ணி ஏறுற வரைக்கும் இங்க ஒண்ணும் வராது. உச்சியைத் தாண்டினதும் மொத்தமும் இழுத்துக்கிட்டு வந்துடும்."

"அப்ப ஏன் நிக்குது?"

"கசியறதை விட வேகமா வெளிய ஓடுதே. மட்டம் இறங்கி, குழாய் வாய்க்குள்ள காத்துப் புகுந்துடும். பீப்பாய் காலியாகும்போது குழாய் என்ன பண்ணும்?"

"ஏப்பம் விடும்."

"வால்வை மூடினா சத்தமில்லாம நிக்கும். நான் சொல்றது சரின்னா, இந்த மலை ஏப்பம் விடணும்."

ராதிம் எழுந்து வந்து பாறையில் காதை வைத்தான். அவனுக்கும் இப்போது ஆசை வந்துவிட்டது. தண்ணீர் மெலிந்தது, நூலானது. பிறகு உள்ளே எங்கிருந்தோ ஒரு பெரிய 'களக்'. அடுத்து அமைதி.

"விட்டுச்சு! ஏப்பம் விட்டுச்சுக்கா!" என்று குதித்தான்.

ஊற்று எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று தெரியாமல் இனி யார் நகருவது? அடுத்த முறைக்காக இருந்தார்கள். அதற்கடுத்ததற்காகவும் இருந்தார்கள். டெசாங்கா கொடுத்தனுப்பிய சீஸ் ரொட்டி அங்கேயே தீர்ந்தது. யிட்கா அவ்வப்போது தன் காலை எடுத்து வெயிலில் காட்டினாள், மறுபடி குட்டையில் வைத்தாள். ராதிம் மலைச் சரிவில் ஏறி இறங்கினான், வால்வு எதுவும் கிடைக்கவில்லை. வெயில் சாயும் வரை, இந்தப் பயணத்திலேயே முதல்முறையாக, யிட்கா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"எங்கே, மடக்கு பார்ப்போம்" என்றான் ராதிம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மடக்கினாள். லேசாக இழுத்தது, ஆனால் மடங்கியது. வீக்கம் பாதிக்கு மேல் வடிந்திருந்தது.

ராதிம் சிரித்துவிட்டான். "சரி, பஸ் வேண்டாம். கடலுக்கே போவோம். காலையில மெதுவாக் கிளம்பலாம்."

யிட்கா மேற்கு மலைக்கு மேல் கறுத்துத் திரண்டிருந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், ராத்திரி மழை பெஞ்சா உள்ள கசிவு கூடும். பள்ளம் சீக்கிரம் நிரம்பும். அப்ப ஊத்து அடிக்கடி வரணும் இல்லையா?"

"அக்கா..."

"நாளைக்கும் ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கலாமாடா?"

ராதிம் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பார்த்தான், தன் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்தான்.

"சீக்கிரம் ஏறு, மழை வரப்போகுது. நாளைக்குக் கையில துணி சுத்திக்கிட்டுத் தள்றேன்" என்றான்.