சாம்பல் புள்ளிகள்

நோரா அக்கா சவப்பெட்டியில் கிடந்த தன் தம்பி க்ளெனின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவனுடைய மேனேஜர் பாலகுமார் அவன் மனைவி லீனாவின் பக்கம் குனிந்து லேப்டாப்பைக் கேட்டார்.

"ஸாரி மேடம். ஆபீஸ் ப்ராப்பர்ட்டி."

லீனா உள்ளே போய் எடுத்து வந்து இடது கையால் நீட்டினாள். வாங்கிக்கொண்டும் அவர் நகரவில்லை.

"ஒரு கல்லு இருக்கும் மேடம். சுண்டு விரல் நுனி அளவுக்கு. க்ளென் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டாராம்."

"தேடணும்."

கல் அவளுடைய வலது கைக்குள் இருந்தது. காலையிலிருந்து அந்தக் கையை அவள் விரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் க்ளென் அதன்மேல் ஒரு சொட்டு டீ விட்டான். சொட்டு உள்ளே இறங்கிக் காணாமல் போனது.

"பாத்தியா? ஸ்கேன்ல கறுப்பா இருந்தா ஓட்டை, வெள்ளையா இருந்தா கல்லு. நடுவுல சாம்பலா இருந்த புள்ளிய எல்லாம் நான்தான் கல்லுன்னு தள்ளிட்டேன். அது அத்தனையும் பொடி ஓட்டை லீனா. ஸ்கேனருக்குத் தெரியாத ஓட்டை."

"அதனால?"



ஒரு ஆலையின் அமிலக் கழிவுநீரைச் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் இறக்கப்போகிறார்கள். பாறையின் ஓட்டைகளுக்குள் அது எப்படி ஏறும், போகிற வழியில் கல்லை எப்படிக் கரைக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது அவன் வேலை. மேலே இருக்கும் கிணறுகளை எட்ட இருநூறு வருடம் ஆகும் என்று ரிப்போர்ட்டில் சொல்லியிருந்தான். சாம்பல் புள்ளிகளை ஓட்டையாகச் சேர்த்தபோது பதினொரு வருடம் வந்தது.

"அந்தப் பாறைல எடுத்தது வேற துண்டு இல்ல. இத இன்னும் நுணுக்கமா ஸ்கேன் பண்ணா தெரிஞ்சிடும்."

திங்கட்கிழமை ரிப்போர்ட்டை நிறுத்தச் சொன்னான். புதன்கிழமை வைட்ஃபீல்ட் ஆபீசில், நாற்காலியிலேயே செத்துப்போனான். நாற்பத்து மூன்று வயது.

"ரிப்போர்ட் என்னாச்சு?" என்று பாலகுமாரிடம் கேட்டாள் லீனா.

"நேத்தே சப்மிட் பண்ணிட்டோம் மேடம். முதல் பக்கத்துல க்ளென் நினைவுக்குன்னு போட்டிருக்கோம். போட்டோவோட."

"இருநூறா, பதினொண்ணா?"

அவர் சவப்பெட்டியைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"க்ளென் ரொம்ப டயர்டா இருந்தாரு மேடம். பதினொண்ணுங்கறதெல்லாம் சும்மா கெஸ்."

"அப்ப கல்லு எதுக்கு?"

பாலகுமார் அவள் காதருகே இன்னும் குனிந்தார். 

"யாரு லீனா அது, காதுலயே ஊதிக்கிட்டு?" நோரா அக்கா திரும்பாமலே கேட்டார். "சாவு வீட்டுல மீட்டிங் போடுறாரா?"

பாலகுமார் பின்வாங்கினார். ஆனால் கிளம்பவில்லை.

கல்லறையில் ஃபாதர் ஜெபத்தை முடித்ததும் ஒவ்வொருவராக மண் போட்டார்கள். லேப்டாப் பையைத் தோளில் மாட்டியபடி பாலகுமார் குழிக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்.

லீனா இடது கையால் மண்ணை அள்ளிப் போட்டாள்.

"சோத்துக் கையால போடும்மா," என்றார் ஒரு பெரியவர்.

பாலகுமாரின் பார்வை மூடியிருந்த அவளுடைய வலது கைக்கு இறங்கியது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

அவரைப் பார்த்துக்கொண்டே லீனா குனிந்தாள். இன்னொரு பிடி மண்ணையும் இடது கையாலேயே எடுத்தாள்.