பழுக்கக் காத்திருக்கும் அலமாரி

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கீங்க. பழைய புத்தகக் கடைப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன்" என்று மனைவி தானாகச் சொன்னாளே, அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் புத்தகப் பையோடு வாசலில் கால் வைத்தால் போதும், "வந்தாச்சா அடுத்த மூட்டை? இனிமே நாம வெளியில படுத்துக்கலாம், அதுங்க உள்ள படுத்துக்கட்டும்" என்று வரவேற்றவள் அவள். இப்போது தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து, பையை உதறி மடித்துக் கையிலேயே கொடுக்கிறாள். இன்றைக்கு மழைதான் வரும் என்று சிரித்துக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அது பிழைப்பு. பைத்தியம் புத்தகத்தின் மேல். ஊரில் யாருக்குப் புத்தகம் வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வழி கேட்பார்கள். புதுப் புத்தகம் என்றால் நீதிமன்றத்துக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட கடை. எல்லாம் கிடைக்கும், ஆனால் ஒரு பக்கத்தைப் புரட்டினால் கடைப்பெண் பின்னாலேயே வந்து நிற்பாள். பரீட்சைப் புத்தகம் என்றால் ரயில் நிலையத்து மதிலோரம். பேரம் பேசத் தெரியாதவன் அங்கே போனால் தோலை உரித்துவிடுவார்கள். பழைய பேப்பர் கிடங்கில் எடைக்கு வந்த மூட்டையைக் கிளறினால், அதிர்ஷ்டம் இருந்தால் மாணிக்கம், இல்லாவிட்டால் தேள். இதையெல்லாம் கேட்டவர்களுக்கு வாய் ஓயாமல் சொல்லுவார். பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும், பழம்புத்தகத் தூசியிலேயே கிடந்து 'தூசிக்காரர்' என்று பெயர் வாங்கியவரின் கடையைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். நல்ல கிணறு இருக்கும் இடத்தை யாராவது தம்பட்டம் அடிப்பார்களா?

தூசிக்காரருக்குச் சரக்கு வருவதே தனி வழி. வாசகர்கள் செத்த வீடுகளிலிருந்து வரும். கருமாதி முடிவதற்குள் வேன் அனுப்பிவிடுவார் என்று மற்ற கடைக்காரர்கள் வயிற்றெரிச்சலில் சொல்லுவார்கள். உண்மையில் அவர் அதற்கும் முன்னாலேயே பேசி வைத்துவிடுவார். படுக்கையில் விழுந்தவர் வீட்டிலிருந்து யாராவது தயங்கித் தயங்கிப் போன் செய்வார்கள். அந்தப் புத்தகங்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'காய்'. ஆள் போய்விட்டால் 'பழுத்துடுச்சு' என்பார். காய் இருக்கும்போதே வாடிக்கையாளர்களிடம் சொல்லி முதல் தேர்வு யாருக்கு என்று முடிவு செய்துவிடுவது அந்தக் கடையின் வழக்கம். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தொழில் என்றால் அப்படித்தான். போன வருஷம் ஓர் ஓவிய வாத்தியாரின் காய்க்காக லிஃப்ட் மெக்கானிக்கும் தவியாய்த் தவித்தார். "இன்னும் பழுக்கலையா அண்ணே?" என்று வாரம் தவறாமல் கேட்டார். அந்த வாத்தியார் கெட்டி உயிர், இழுத்துக்கொண்டே கிடந்தார்.

மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் வயிற்றில் அந்தப் பழைய இழுப்பு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெறும் புண்தான், மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டர் அவரிடம் நேராகச் சொல்லவில்லை. மனைவியும், வெளியூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்த மகளும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து அவரிடம் சொன்னார்கள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரிங் தேய்ந்துவிட்டது, ஒருநாள் இல்லை ஒருநாள் யாரையாவது நடுவில் நிறுத்தும் என்று மகளிடம் சொன்னார். அவள் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

தூசிக்காரர் அவரைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். முகமெல்லாம் பல்.

"வாங்க லிஃப்ட் சார். உங்களுக்குத்தான் போன் பண்ணலாம்னு இருந்தேன். நம்ம ஊர்லயே ஒரு காய் வந்திருக்கு. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி."

"என்ன சரக்கு?"

"கப்பல் பயணம், பாலைவனப் பயணம், இன்ஜின் புத்தகம், ஒரு சுவர் முழுக்கக் கதைங்க. அந்தம்மா போன்ல ஒவ்வொண்ணா தலைப்புப் படிச்சாங்க. எனக்கே நாக்குல எச்சில் ஊறுது."

அவருக்கும் ஊறியது. இந்த ஊரில் இன்னொருவன் இருந்திருக்கிறான் பார், நம்மைப் போலவே கிறுக்கன், இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று ஒரு பக்கம் ஆசை, ஒரு பக்கம் வருத்தம். தெரிந்திருந்தால் போய்ப் பேசிக்கொண்டிருந்திருக்கலாம். "எனக்குத்தான் முதல்ல. வேற யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க" என்றார்.

"உங்களுக்கு இல்லாமயா."

"அந்தம்மாகிட்ட இன்னைக்கே பேசி உறுதி பண்ணிடுங்கண்ணே. இதெல்லாம் தள்ளிப்போட்டா எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்."

"சாயங்காலம் பேசிடறேன்."

"எப்போ பழுக்குமாம்?"

தூசிக்காரர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். தொழில் மரியாதை. "மழைக்காலம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஆளுக்கே தெரியாது. நடமாட்டமாத்தான் இருக்காராம். அதனால அவர் இருக்கற வரைக்கும் வீட்டுப் பக்கம் யாரும் வந்துடக் கூடாதுன்னு அந்தம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. அப்புறம் அவங்க மகளோட போயிடுவாங்க போல. அங்க சின்ன வீடு, இதையெல்லாம் வைக்க இடமில்லையாம்."

"பாவம்" என்றார் லிஃப்ட் மெக்கானிக். மனதாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "கடற்கொள்ளைக்காரங்க சரித்திரம் மூணு பாகம் இருக்கா பாருங்க. எங்கிட்ட ஒண்ணும் மூணும்தான் இருக்கு" என்றார்.

"அதையும் கேட்டேனே, உங்க ஞாபகம்தான். அங்கயும் ரெண்டாம் பாகம் இல்லையாம் சார். உங்க ராசி."

அவர் உச்சுக்கொட்டினார். என்ன ராசியோ.

"ஒரே ஒரு தொல்லை" என்று தூசிக்காரர் தொடர்ந்தார். "எல்லாத்துக்கும் துணியில அட்டை போட்டு வச்சிருக்காங்களாம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி. அந்தம்மா அதைத் தைக்கறவங்க போல, மிச்சத் துணியில போட்டிருக்காங்க. கழட்டறதுக்குள்ள நம்ம நகம் பேந்துடும்."

கடையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கீழே பேட்டரிக் கடையில் யாரோ எதையோ தட்டினார்கள். லிஃப்ட் மெக்கானிக் தன் முழங்காலில் இருந்த கையைப் பார்த்தார். தன் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கும் துணி அட்டைகள் அவர் கண்முன் வந்தன.

"என்ன கலர் துணி?" என்று கேட்டார். தெரிந்தே கேட்டார்.

"நீலமாம். என்ன சார், வேர்த்து ஊத்துது? மாடி ஏறினது ஒத்துக்கலையா?"

"அந்தம்மா உங்களை எப்படிப் புடிச்சாங்க?"

"புத்தகத்துக்கு உள்ள நம்ம கடை முத்திரை குத்தறோம்ல, போன் நம்பரோட? அதைப் பாத்துத்தான். யாரோ நம்ம பழைய கஸ்டமரா இருக்கும். யாருன்னு கேட்டேன், பேரெல்லாம் வேண்டாங்கன்னு சொல்லிட்டாங்க."

சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இந்த மனுஷன் என்ன செய்வான்? ஸ்டூலை விட்டு எழுந்து நின்று கையைப் பிசைவான். இனி ஒவ்வொரு தடவையும் இந்த மாடிக்கு வரும்போது அவன் கண்ணில் அது தெரியும். 'போன் பண்ணாதீங்க' என்று மட்டும் சொல்லலாமா? ஏன் என்று கேட்பானே. லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். வழக்கம்போல "வரேன்" என்றுதான் சொன்னார். கை எதையும் எடுக்கவில்லை.

தெருவில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அதைப் பார்த்து ஒரு நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்துப் பயந்தார். இந்த ஊரில் மழைக்காலம் எப்போது தொடங்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கவனித்ததில்லை. லிஃப்ட் குழியில் தண்ணீர் நின்றால் கூப்பிடுவார்கள், அதுதான் மழைக்காலம். மனைவி மேல் கோபம் வந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு விலை பேசுகிறாளே, இவளெல்லாம் ஒரு மனுஷியா என்று பல்லைக் கடித்தார். நாலு எட்டு வைப்பதற்குள் அந்தக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு தலைப்பாக அவள் படித்திருக்கிறாள். அவளுக்குத் தலைப்புக்கூடப் பிடிக்காது. இவர் எங்கே போயிருந்தபோது படித்தாள்? மாத்திரை போட்டுக்கொண்டு பக்கத்து அறையில் தூங்கினாரே, அப்போதா?

சாயங்காலம் போன் வரும். வரச் சொன்னவரே இவர்தான். அதற்குமுன் வீட்டுக்குப் போய் என்ன செய்வது, போனைப் பிடுங்கி ஒளித்து வைப்பதா? ஆனாலும் கால் தானாக வேகம் பிடித்தது.

மனைவி தையல் மெஷினில் இருந்தாள். வெறும் பையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் கிடைக்கலையா?"

"இல்ல."

"சும்மா எடுத்துட்டு வந்திருக்கலாம்ல, நான் என்ன சொல்லப் போறேன்" என்றாள். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. இந்தக் குரலை எத்தனை வாரமாகக் கேட்கிறோம், அதுகூடத் தோன்றவில்லையே என்று அவர் நினைத்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சுடச்சுடத் தேநீர் வைத்துவிட்டுப் போய் மறுபடியும் மெஷினில் உட்கார்ந்தாள். சொல்லிவிட்டால் அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் தினமும் இவள் எதிரில் ஒன்றும் தெரியாதவனாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவளும் அதைத்தானே இத்தனை நாளாகச் செய்துகொண்டிருக்கிறாள் என்று பட்டபோது, அவருக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை.

மெஷின் பலகைமேல் கிடந்த போன் அதிர்ந்தது.

அவள் எண்ணைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "யூனிஃபார்ம் கடைக்காரர்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு காதில் வைத்தாள். கால் மிதிபலகையை அழுத்தியது. மெஷின் கடகடவென்று ஓடியது. அவருக்குக் கேட்கக் கூடாது என்றுதான் அவ்வளவு வேகம்.

வாழ்நாள் முழுக்க மோட்டார் இரைச்சலுக்கு அடியில் எது தேய்கிறது, எது முனகுகிறது என்று காதைத் தீட்டி வைத்திருந்த மனுஷன் அவர். அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பவில்லை.

"இன்னும் இல்லைங்க" என்றாள். "நடமாட்டமாத்தான் இருக்காரு... யாரு, ஆள் கிடைச்சுட்டாரா?"

அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

"எடைக்குப் போடறவர் இல்லையே? படிக்கறவர்தானே? நல்லா வச்சுப்பாருல்ல?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் தலையை ஆட்டினாள். "அப்படின்னா சரிங்க. அவருக்கே குடுத்துடுங்க."

போனை வைத்துவிட்டாள். திரும்பவில்லை. கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. அவர் இருந்த இடத்திலிருந்து ஊசி நன்றாகத் தெரிந்தது. மேலும் கீழுமாக, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் குத்திக்கொண்டிருந்தது. அதன் கீழே துணி இல்லை.