புட்டி விளிம்பில் காணாத சில்லு

முதல் தட்டு பிஸ்கட்டை ஆறவைத்து, டப்பாவில் அடுக்கி, கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் தையல்காரி பாத்திரம் கழுவப் போனாள். பள்ளிக்கு வசந்த விடுமுறை. திராட்சையும் பட்டையும் கிராம்பும் வேகும் வாசனைக்கு அந்த இரண்டும் காலையிலிருந்தே மாடிப்படியில் பழியாய்க் கிடந்தன.

கிராம்புப் பொடிப் புட்டியைத் துடைக்கும்போது விரலில் சுருக்கென்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி விளிம்பில் நகத்துண்டு அளவுக்குப் பெயர்ந்திருந்தது.

பொடி கட்டிதட்டிப் போயிருக்கிறதென்று மாவுச் சட்டியின் ஓரத்தில் புட்டியை ரெண்டு தட்டு தட்டியது நினைவுக்கு வந்தது. தொட்டியில் தேடினாள், தரையைத் தடவினாள், மிச்சப் பொடியைக் கொட்டிப் பார்த்தாள். சில்லு இல்லை.

ஓவனை அணைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பாதிப் படியில் கால் நின்றது. உப்பு கூடிப்போச்சு என்று சொல்லி டப்பாவை வாங்கி வந்துவிட்டால் என்ன? திரைச்சீலை தைத்துக் கொடுக்குமுன் குண்டூசியை எண்ணிப் பார்க்கிறவள் என்று பெயர் வாங்கியவள் அவள். ஆனால் பிள்ளைகள் அதற்குள் தின்றிருந்தால்? மேலே யோசிக்காமல் கதவைத் தட்டினாள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்றாள் பிள்ளைகளின் அம்மா.

“பிஸ்கட்ட யாரும் தொடாதீங்க. கண்ணாடிச் சில்லு விழுந்திருக்கும்போல. புட்டி உடைஞ்சத நான் கவனிக்கல.”

அம்மாவின் முகம் வெளிறியது. சின்னவளை இழுத்து வாயைத் திறந்து பார்த்தாள்.

“நான் நாலு தின்னேன்,” என்றான் பெரியவன். “இவ ரெண்டு.”

“தொண்டையில குத்துதா கண்ணு?” என்று தையல்காரி கேட்டதுதான் தாமதம், சின்னவள் அழுதுகொண்டே “குத்துது” என்றாள். தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளின் அம்மா தாளை விரித்து மிச்ச பிஸ்கட்டுகளை உதிர்க்க ஆரம்பித்தாள். தையல்காரியும் ஒன்றை எடுத்து உதிர்த்தாள்.

அந்நேரம் உள்ளறையிலிருந்து பிள்ளைகளின் தாத்தா வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், காது மந்தம். மகள் கத்திச் சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். துளி ரத்தக்கறை, நடுவே ஒரு சில்லு.

“என் பல்லுன்னுல்ல நெனைச்சேன்,” என்றார்.

“உங்களுக்கு யாருப்பா பிஸ்கட் குடுத்தா? சர்க்கரைய வச்சிக்கிட்டு!”

“அதனாலதான் வெளிய சொல்லல.”

தையல்காரி மேலே ஓடிப் புட்டியைக் கொண்டுவந்தாள். சில்லு விளிம்பில் பிசிறில்லாமல் பொருந்தியது. அப்போதும் நம்பிக்கை வரவில்லை. எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனாள். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, பெரியவருக்கு ஈறில் கீறல்தான், இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

மறுநாளும் தையல்காரி தைக்க உட்காரவில்லை. மெஷினில் துணி பாதியில் தொங்க, படியேறி இறங்கியபடியே இருந்தாள். “இப்ப குத்துதா? தண்ணி முழுங்கு பாப்பா, பாப்போம்.”

சாயங்காலம் சின்னவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“இந்த அத்தைய வீட்டுக்குப் போகச் சொல்லும்மா. எனக்கு இவங்களப் பாத்தாத்தான் பயமா இருக்கு.”